வந்த கடிதம் வராமல் போவது ஏன்?



"லெட்டர் அனுப்பிட்டோம்னு அவங்க சொல்றாங்க. வரலைன்னு நீ சொல்றே. அப்போ நடுவுல அது எங்கடா போச்சு?"

சென்ற ஆண்டு விடுமுறையில் என் அப்பா என்னிடம் கேட்ட கேள்வி இது. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிப் படிப்பவன் நான் ஒருவன்தான். கணிப்பொறி சம்பந்தப்பட்ட எதற்கும் என்னிடம் பதில் இருக்கும் என்று அப்பா நம்பிக்கொண்டிருந்தார். அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்து, ஆசிரியர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இந்த ஆண்டு மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நடந்தது இதுதான். ஓசூரில் ஒரு சிறிய தொழிற்சாலையில் இன்பிளாண்ட் டிரெயினிங் கேட்டு விண்ணப்பித்திருந்தேன். "மெயில் வரும், பார்த்துக்கோ தம்பி" என்றார்கள். காலையும் மாலையும் செல்போனில் மெயிலைத் திறந்து பார்த்தேன். இன்பாக்ஸில் ஒன்றும் இல்லை. பொறுக்க முடியாமல் ஒரு செவ்வாய்க்கிழமை போன் செய்தேன். "போன வாரம் திங்கட்கிழமையே மெயில் போட்டாச்சே! வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் வரலை, அதனால வேற பையனை எடுத்துட்டோம்" என்றார்கள். அதற்கு மேல் என்ன பேசுவது?

பிறகு ஒரு சீனியர் அண்ணன் சொல்லித்தான் 'ஸ்பேம்' என்ற பெட்டியைத் திறந்து பார்த்தேன். லாட்டரிப் பரிசு விழுந்திருக்கிறது என்ற மெயிலுக்கும், ஐந்து நிமிடத்தில் கடன் என்ற மெயிலுக்கும் நடுவில் என் மெயில் பத்திரமாக இருந்தது!

நம் பொம்மிடியில் கதவு எண் தப்பாக எழுதிய கடிதம் வந்தாலும், தபால்காரர் டீக்கடையில் நாலு பேரை விசாரித்தாவது கொண்டுவந்து சேர்த்துவிடுவார். அவருக்கு நம்மைத் தெரியும். மின்னஞ்சலைப் பிரித்து வைக்கும் இயந்திரத்துக்கு நம்மைத் தெரியாது. அது எப்படி யோசிக்கிறது என்று நாம்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஸ்பேம் பிறந்த கதை

1978-ஆம் ஆண்டு மே 3. இன்றைய இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட் என்ற வலைப்பின்னல் அமெரிக்காவில் இயங்கிக்கொண்டிருந்த காலம். டிஜிட்டல் எக்யூப்மென்ட் என்ற கணிப்பொறி நிறுவனத்தைச் சேர்ந்த கேரி துர்க் என்பவர், தங்கள் புதிய கணிப்பொறியைப் பற்றிய விளம்பரத்தைச் சுமார் 400 பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பினார். பெற்றவர்களில் பலர் கோபப்பட்டார்கள். யாரும் கேட்காமல் வந்து விழுந்த முதல் விளம்பர மின்னஞ்சல் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

'ஸ்பேம்' என்பது உண்மையில் தகர டப்பாவில் அடைத்து விற்கும் ஓர் இறைச்சியின் பெயர். மான்டி பைதான் என்ற ஆங்கில நகைச்சுவைக் குழு 1970-இல் ஒரு தொலைக்காட்சி நாடகம் போட்டது. அதில் வரும் ஓட்டலில் எதைக் கேட்டாலும் அதோடு ஸ்பேமும் சேர்ந்து வரும். வேண்டாம் என்றாலும் வரும். வேண்டாத மெயிலுக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

தபாலில் விளம்பரம் அனுப்ப ஒவ்வொரு கடிதத்துக்கும் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். மின்னஞ்சலில் ஒருவருக்கு அனுப்புவதும் லட்சம் பேருக்கு அனுப்புவதும் ஏறக்குறைய ஒரே செலவுதான். லட்சத்தில் ஒருவர் ஏமாந்தாலும் அனுப்பியவனுக்கு லாபம். ஜிமெயில் மட்டுமே ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,500 கோடி வேண்டாத மெயில்களைத் தடுப்பதாக கூகுள் நிறுவனம் தெரிவித்திருக்கிறது. ஆகவே வடிகட்டி கட்டாயம் தேவை. அது இல்லாவிட்டால் நம் இன்பாக்ஸைத் திறக்கவே முடியாது.

வடிகட்டி கேட்கும் நான்கு கேள்விகள்

ஒரு மெயில் வந்ததும் வடிகட்டி பல சோதனைகளைச் செய்கிறது. எளிமைக்காக அவற்றை நான்கு கேள்விகளாகப் பிரித்துச் சொல்கிறேன்.

முதல் கேள்வி: எந்த இடத்திலிருந்து வருகிறாய்? மெயில் அனுப்பும் ஒவ்வொரு சர்வருக்கும் ஐ.பி. முகவரி என்ற எண் உண்டு. ஸ்பேம் அனுப்பிப் பிடிபட்ட முகவரிகளைக் கறுப்புப் பட்டியலாகச் சிலர் வெளியிடுகிறார்கள். 1998-இல் தொடங்கிய ஸ்பேம்ஹாஸ் அவற்றில் பெயர் பெற்றது. இதில் ஒரு சிக்கல் உண்டு. சின்ன நிறுவனங்கள் செலவைக் குறைக்க ஒரே சர்வரைப் பல பேரோடு பகிர்ந்துகொள்ளும். அதில் ஒருவர் ஸ்பேம் அனுப்பினாலும் மற்ற அனைவரின் மெயிலும் மாட்டிக்கொள்ளும். லைன் வீட்டில் ஒருவர் வாடகை கொடுக்காததற்கு எல்லார் வீட்டுக்கும் தண்ணீரை நிறுத்துவது போல!

இரண்டாவது கேள்வி: நீ சொல்லும் ஆள் நீதானா? மின்னஞ்சலில் 'அனுப்புநர்' என்ற இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் போட்டுவிட முடியும். இதைத் தடுக்க மூன்று ஏற்பாடுகள் உள்ளன. எஸ்.பி.எஃப். என்பது, "எங்கள் பெயரில் மெயில் அனுப்ப இந்த இந்த சர்வர்களுக்குத்தான் அனுமதி" என்று நிறுவனம் முன்கூட்டியே வெளியிடும் பட்டியல். டி.கே.ஐ.எம். என்பது கடிதத்தின் மேல் வைக்கும் அரக்கு முத்திரை போன்ற மின் கையெழுத்து. வழியில் யாராவது எழுத்தை மாற்றினால் முத்திரை பொருந்தாது. டிமார்க் என்பது, "இந்தச் சோதனைகளில் தேறாத மெயில் எங்கள் பெயரில் வந்தால் என்ன செய்யலாம்?" என்று நிறுவனமே சொல்லி வைக்கும் உத்தரவு. அப்படியே விடு, ஸ்பேமில் போடு, திருப்பி அனுப்பு என்று மூன்றில் ஒன்றைச் சொல்லலாம். 2024 பிப்ரவரி முதல், ஒரு நாளைக்கு 5,000 மெயில்களுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புவோர் இந்த மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் விதித்துள்ளது. யாஹூவும் அதே சமயத்தில் இதே போன்ற விதியைக் கொண்டுவந்தது.

மூன்றாவது கேள்வி: உள்ளே என்ன எழுதியிருக்கிறது? இங்கேதான் நம் கணக்குப் பாடத்தில் வரும் நிகழ்தகவு வேலை செய்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த தாமஸ் பேய்ஸ் என்ற பாதிரியாரின் தேற்றம், அவர் இறந்த பிறகு 1763-இல் வெளியானது. அதை மெயிலுக்குப் பயன்படுத்தும் முறை, 2002-இல் பால் கிரகாம் என்ற அமெரிக்கக் கணிப்பொறியாளர் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகு வேகமாகப் பரவியது. ஓர் உதாரணம் பார்ப்போம். 100 ஸ்பேம் மெயில்களில் 'பரிசு' என்ற சொல் 40-இல் வருகிறது, 100 நல்ல மெயில்களில் 2-இல் மட்டும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வகையும் சம அளவில் வருகின்றன என்றால், 'பரிசு' என்ற சொல் உள்ள மெயில் ஸ்பேமாக இருக்கும் வாய்ப்பு 42-க்கு 40, அதாவது சுமார் 95 சதவீதம். இப்படி ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்குப் பார்த்து, எல்லாவற்றையும் சேர்த்து முடிவு எடுக்கும். இன்றைய வடிகட்டிகள் இதைவிடச் சிக்கலான முறைகளைப் பயன்படுத்துகின்றன. இருந்தாலும் பழைய மெயில்களைப் பார்த்துப் புதிய மெயிலை எடைபோடும் அடிப்படை மாறவில்லை.

நான்காவது கேள்வி: படித்தவர்கள் என்ன செய்தார்கள்? இதே இடத்திலிருந்து வந்த மெயில்களைப் பலரும் 'ஸ்பேம்' என்று அழுத்தியிருந்தால் சந்தேகம் கூடும். திறந்து படித்துப் பதில் போட்டிருந்தால் நம்பிக்கை கூடும்.

இப்போது நமக்கு முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வேலை தேடும் இளைஞர்களைக் குறிவைத்து எத்தனையோ மோசடிக்காரர்கள் மெயில் அனுப்புகிறார்கள். அவர்கள் பயன்படுத்தும் சொற்கள் என்ன? 'இன்டர்வியூ', 'ஆஃபர் லெட்டர்', 'உடனே பதில் அனுப்பவும்', 'இந்த லிங்க்கை அழுத்தவும்'. நாம் ராப்பகலாகக் காத்திருக்கும் உண்மையான மெயிலில் வரும் சொற்களும் இவைதானே! அதனால்தான் நமக்கு வர வேண்டிய மெயில் சந்தேகத்தில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். நாம் அதற்காகக் காத்திருக்கிறோம் என்பது இயந்திரத்துக்குத் தெரியாது.

என் மெயில் ஏன் மாட்டியது?

கல்லூரி லேப் கணிப்பொறியில் என் மெயிலைத் திறந்து, மேலே மூன்று புள்ளிகளை அழுத்தி, 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தேன். நீங்களும் பார்க்கலாம். எஸ்.பி.எஃப். என்ற இடத்தில் 'ஃபெயில்' என்று இருந்தது. டி.கே.ஐ.எம். முத்திரையே இல்லை. தலைப்பில் 'அர்ஜென்ட்' என்று முழுக்கப் பெரிய எழுத்து, பின்னால் மூன்று ஆச்சரியக்குறி. உள்ளே ஒரு வரி, ஒரு சுருக்கிய லிங்க். அவ்வளவுதான். அனுப்பியவர் நல்லவர், அவசரத்தில் அனுப்பியிருக்கிறார். ஆனால் வெளித்தோற்றத்தில் அது மோசடி மெயில் போலவே இருந்தது. நானே அந்த வடிகட்டியாக இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்!

இரண்டு வகைத் தவறுகள்

வடிகட்டி இரண்டு விதமாகத் தவறு செய்யலாம். கெட்ட மெயிலை உள்ளே விடுவது ஒன்று. நல்ல மெயிலைத் தடுப்பது இன்னொன்று. முறத்தில் அரிசி புடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். மெதுவாகப் புடைத்தால் உமி தங்கிவிடும். வேகமாகப் புடைத்தால் உமியோடு அரிசியும் பறந்துவிடும். இரண்டு தவறையும் ஒரே நேரத்தில் பூஜ்யமாக்க முடியாது.

ஆனால் இரண்டின் நஷ்டமும் ஒன்றல்ல. ஒரு விளம்பரம் இன்பாக்ஸில் வந்தால் அழித்துவிட்டுப் போகலாம், இரண்டு வினாடி வேலை. ஓர் இன்டர்வியூ மெயில் ஸ்பேமில் போனால்? ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். ஆயிரம் நல்ல மெயிலில் ஒன்றுதான் தவறாகத் தடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். தினம் 10 நல்ல மெயில் வருகிறவருக்கு வருஷத்தில் 3,650. அதில் மூன்று அல்லது நான்கு காணாமல் போகும். அந்த மூன்றில் ஒன்று எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம்.

உலகம் கண்ட இரண்டு உதாரணங்கள்

ஸ்பேம் அசாசின் என்பது உலகம் முழுக்க மெயில் சர்வர்களில் பயன்படும் இலவச வடிகட்டி. அது ஒவ்வொரு மெயிலுக்கும் மதிப்பெண் போடும். வழக்கமான அமைப்பில் 5 மதிப்பெண் வந்தால் ஸ்பேம். நம் பரீட்சைக்கு நேர்மாறு, இதில் மார்க் வாங்கினால் ஃபெயில்! அதில் ஒரு விதி, தேதி வெகுதூர எதிர்காலத்தில் இருந்தால் 3-க்கும் மேல் மதிப்பெண் கொடுத்தது. ஸ்பேம் அனுப்புகிறவர்கள் தங்கள் மெயில் பட்டியலில் முதலில் தெரிய வேண்டும் என்று பொய்த் தேதி போடுவார்கள். அதைப் பிடிக்கத்தான் அந்த விதி. எழுதியவர்கள் 2010 முதல் வரும் ஆண்டுகளை எதிர்காலம் என்று எழுதி வைத்திருந்தார்கள். 2010 ஜனவரி 1 வந்தது. அன்று முதல் அந்த விதி சோதித்த நல்ல மெயில்களுக்கும் சும்மாவே 3-க்கும் மேல் மதிப்பெண் ஏறிவிட்டது! நல்ல மெயில்கள் பலவும் ஸ்பேமில் விழுந்தன. பிறகு அவசரமாகத் திருத்தம் வெளியிட்டார்கள்.

இரண்டாவது உதாரணம் நம் நாட்டில் நடந்தது. மெயில் இல்லை, எஸ்.எம்.எஸ்., ஆனால் நோய் ஒன்றுதான். தொல்லை தரும் வணிக எஸ்.எம்.எஸ்.களைத் தடுக்க டிராய் அமைப்பு 2018-இல் விதிகள் கொண்டுவந்தது. நிறுவனங்கள் தாங்கள் அனுப்பும் செய்தியின் மாதிரியை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், மாதிரியோடு பொருந்தாத செய்தி தடுக்கப்படும் என்பது ஏற்பாடு. 2021 மார்ச் 8 அன்று தொலைபேசி நிறுவனங்கள் இந்தச் சோதனையை முழுமையாகத் தொடங்கின. பல நிறுவனங்கள் மாதிரிகளைச் சரியாகப் பதிவு செய்திருக்கவில்லை. விளைவு? வங்கி ஓ.டி.பி., ரயில் டிக்கெட் ஓ.டி.பி., ஆதார் ஓ.டி.பி., கொரோனா தடுப்பூசிப் பதிவுக்கான ஓ.டி.பி. எல்லாம் நாடு முழுக்கத் தடைப்பட்டன. மறுநாளே டிராய் அந்தச் சோதனையை 7 நாட்களுக்கு நிறுத்தி வைத்தது.

முதல் உதாரணத்தில் விதி எழுதியவர்கள் தவறினார்கள். இரண்டாவதில் அனுப்புகிறவர்கள் தங்கள் வேலையை முடிக்கவில்லை. இரண்டிலும் அவதிப்பட்டவர்கள் ஒன்றும் அறியாத பெறுநர்கள்தான்.

தடுத்த மெயில் எங்கே போகும்?

மூன்று வழி உண்டு. ஒன்று, ஸ்பேம் பெட்டிக்குப் போகும். ஜிமெயிலில் அது 30 நாள்தான் இருக்கும், பிறகு தானாக அழிந்துவிடும். இரண்டு, வாசலிலேயே மறுக்கப்பட்டு, அனுப்பியவருக்கு அறிவிப்பு திரும்பும். அந்த அறிவிப்பில் ஓர் எண் இருக்கும். 4-இல் தொடங்கினால் தற்காலிகத் தடை, சர்வர் மறுபடி முயலும். 5-இல் தொடங்கினால் நிரந்தர மறுப்பு, காரணத்தைச் சரிசெய்து நாம்தான் மீண்டும் அனுப்ப வேண்டும். மூன்று, இருவருக்கும் தெரியாமல் தொலைந்துபோகும். இது குறைவுதான் என்றாலும் கண்டுபிடிப்பது கடினம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் கவனியுங்கள். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 13-ஆம் பிரிவின்படி, பெறுபவர் மெயிலுக்கென்று ஒரு முகவரியைக் கொடுத்திருந்தால், அந்தக் கணிப்பொறி அமைப்புக்குள் செய்தி நுழையும் நேரமே அது கிடைத்த நேரம். நாம் திறந்து படித்த நேரம் அல்ல! "நான் பார்க்கலைங்க சார்" என்று சொல்லித் தப்பிக்க முடியும் என்று நம்பியிருக்காதீர்கள்.

நாம் செய்ய வேண்டியவை

மெயிலுக்காகக் காத்திருக்கும்போது:

1. விண்ணப்பம் போட்ட நாள் முதல் தினம் ஒருமுறை ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள். செல்போனில் இடது மேல் மூலையில் உள்ள மூன்று கோடுகளைத் தொட்டால் கீழே 'ஸ்பேம்' இருக்கும். மற்ற நாட்களில் வாரம் ஒருமுறை போதும்.

2. நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஜிமெயிலின் சாதாரணத் தேடல் ஸ்பேமிலும் குப்பைக்கூடையிலும் தேடாது.

3. நல்ல மெயிலைக் கண்டால் 'ஸ்பேம் இல்லை' என்ற பொத்தானை அழுத்துங்கள். உங்கள் மெயில் மீண்டு வரும், வடிகட்டியும் பாடம் கற்றுக்கொள்ளும். அனுப்பியவர் முகவரியைத் தொடர்பு பட்டியலிலும் சேர்த்துவிடுங்கள்.

4. கூகுள் தரும் இலவச இடம் 15 ஜி.பி. போட்டோவும் வீடியோவும் அதை நிரப்பிவிட்டால் புது மெயில் எதுவும் உள்ளே வராது. வராத மெயிலுக்கெல்லாம் ஸ்பேமே காரணம் என்று எண்ண வேண்டாம்.

5. விண்ணப்பித்த தேதி, நிறுவனத்தின் போன் நம்பர் இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மூன்று நாளில் பதில் இல்லையென்றால் கூச்சப்படாமல் போன் செய்யுங்கள். கேட்பதில் தப்பில்லை. நான் பத்து நாள் தயங்கியதால்தான் இழந்தேன்.

நாம் மெயில் அனுப்பும்போது:

1. தலைப்பில் விஷயத்தைத் தெளிவாக எழுதுங்கள். முழுக்கப் பெரிய எழுத்தும் ஆச்சரியக்குறிகளும் வேண்டாம்.

2. வெறும் பயோடேட்டாவை மட்டும் இணைத்து அனுப்பாமல், நான்கு வரி எழுதி, பெயரும் போன் நம்பரும் போட்டு அனுப்புங்கள். பயோடேட்டா பி.டி.எஃப். கோப்பாக இருக்கட்டும். ஜிமெயில் இ.எக்ஸ்.இ. கோப்புகளை ஜிப் செய்து வைத்தாலும் ஏற்காது.

3. ஒரே மெயிலை ஐம்பது நிறுவனங்களுக்கு ஒன்றாக அனுப்பாதீர்கள். தனித்தனியாக அனுப்புங்கள்.

4. அனுப்பிய பிறகு 'மெயிலர் டீமன்' என்ற பெயரில் ஏதாவது வந்தால் அழித்துவிடாதீர்கள். திரும்பி வந்த தபால் அதுதான்.

ஓர் எச்சரிக்கை

ஸ்பேம் பெட்டியில் இருப்பதெல்லாம் தவறி விழுந்த அரிசி அல்ல. பெரும்பாலும் உமிதான். எனவே அங்கே கிடைக்கும் வேலை மெயிலை நம்புமுன், நாம் உண்மையிலேயே அங்கே விண்ணப்பித்தோமா என்று பாருங்கள். முகவரியில் '@' குறிக்குப் பின்னால் இருப்பது அந்த நிறுவனத்தின் சொந்தப் பெயர்தானா என்று எழுத்து எழுத்தாகப் படியுங்கள். மெயிலில் உள்ள நம்பருக்குப் போன் செய்யாமல், நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள நம்பருக்குச் செய்யுங்கள். ரிஜிஸ்ட்ரேஷன் பணம், யூனிபார்ம் பணம், டெபாசிட் என்று முன்பணம் கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். பணத்தை இழந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

முடிவாக

நம்மில் பலர் வீட்டில் முதல் தலைமுறையாகப் படிப்பவர்கள். "ஸ்பேமையும் ஒரு தடவை பாருடா" என்று சொல்ல வீட்டில் அண்ணனோ அக்காவோ கிடையாது. அதை நாம்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும். கேம்பஸ் இன்டர்வியூ நேரத்தில் நோட்டீஸ் போர்டில் ஒட்டும் ஒவ்வொரு பட்டியலின் கீழும், 'இன்பாக்ஸில் இல்லையென்றால் ஸ்பேமைப் பார்க்கவும்' என்ற ஒரு வரியை நம் மாணவர் பேரவை எழுதினால், அடுத்த ஆண்டு ஒரு தம்பியாவது, ஒரு தங்கையாவது தப்பிப்பார்கள் என்று நம்புகிறேன்.

போன மாதம் இதையெல்லாம் அப்பாவிடம் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ லெட்டர் தொலையலை. வீட்டுக்குள்ளேயேதான் இருந்திருக்குது, நாமதான் வேற ரூம்ல தேடிட்டு இருந்திருக்கோம்" என்றார். நான் இவ்வளவு நீளமாக எழுதியதும் அதுதான் நண்பர்களே. இந்த மலரை மூடி வைத்ததும் முதல் வேலையாக அந்த ரூமைத் திறந்து பாருங்கள்.